தேர் நின்ற வளைவும் இரண்டாவது பாதையும்

நான் ஓய்வுபெற்ற அன்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து மூன்று புத்தகங்களைப் பொதி கட்டி என் கையில் கொடுத்தீர்கள். மூன்றும் இணையத்தைப் பற்றியவை. அது எப்படிப் பிறந்தது, எப்படி வளர்ந்தது, எப்படி வேலை செய்கிறது என்று அண்மையில் அச்சாகி வந்தவை. மற்ற இடங்களில் ஓய்வுபெறுகிறவனுக்குச் சால்வை போர்த்துவார்கள், சுவர்க்கடிகாரம் கொடுப்பார்கள். இந்த மலையில் முப்பது வருடத்துக்கு மேலாக வயர் இழுத்தவனுக்கு, வயர் எப்படி வேலை செய்கிறது என்று புத்தகம் கொடுத்த கூட்டம் நீங்கள்தான். கோபம் ஒன்றுமில்லை. மூன்றையும் படித்துவிட்டேன்.

முதல் புத்தகத்தில் கடலுக்கடியில் வடம் போடும் கப்பல்களின் படங்கள் இருக்கின்றன. நல்ல படங்கள். இரண்டாவது புத்தகம், செய்தியைத் துண்டு துண்டாக்கி அனுப்பும் யோசனை முதலில் யார் தலையில் உதித்தது என்று ஒரு முழு அத்தியாயத்துக்குச் சண்டை போடுகிறது. நம் ஸ்டோரில் ஏணியை யார் கடைசியாக எடுத்தார்கள் என்று நடக்கிற சண்டையை அந்த ஆசிரியர் பார்த்ததில்லை போலும். மூன்றாவது புத்தகம் எனக்குப் பழக்கமானது. அதன் பழைய பதிப்பு ஏற்கெனவே என்னிடம் இருந்தது, சிவப்புக் கோடு போட்டபடி. நீங்கள் கொடுத்தது புதிய பதிப்பு. நான் கோடு போட்ட வரியை ஆசிரியர் மாற்றியிருக்கிறாரா என்று அதைத்தான் முதலில் திறந்து பார்த்தேன். மாற்றவில்லை.

"ஒரு பாதை அறுந்தால், செய்தி தானாகவே வேறு பாதையைத் தேடிக்கொள்ளும்." அதுதான் அந்த வரி.

இந்த வரியை நம்பி நான் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கவிழ்க்கப் பார்த்தேன். புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு அதைச் சொல்லிவைப்பது நல்லது. பழைய ஆட்கள் எப்படியும் அரைகுறையாகச் சொல்லி, நான் தேருக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன் என்பதையும் சேர்த்துவிடுவார்கள். அது பொய். நான் வழுக்கி விழுந்தேன்.

அதற்கு முன் ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஹட்டனில் எனக்கு மேலே ஒரு போர்மன் இருந்தார். பெயர் வேண்டாம், புகழ்ச்சி அவருக்கு ஒத்துவராது. எங்கே போனாலும் ஏணியை இறக்குவதற்கு முன் யாரிடமாவது கதை கொடுக்கப் போய்விடுவார். டிப்ளோமாவும் புது மீட்டரும் வைத்திருந்த எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒரு யாத்திரை சீசன் காலத்தில் நல்லதண்ணி என்ற ஊரில் தொலைபேசி லைன் போய்விட்டது. மலைக்குப் போகிற கூட்டம், பாதை முழுக்கத் தற்காலிகக் கடைகள். நான் மீட்டரைத் தூக்கிக்கொண்டு கம்பம் கம்பமாக அரை நாள் அலைந்தேன். அவர் ஒரு வடைக் கடையில் உட்கார்ந்து இரண்டு வடை சாப்பிட்டுவிட்டு, கடைக்கார அம்மாவிடம், "கடைசியா இந்தப் பக்கம் யாரு ஏணி வச்சாங்க?" என்று கேட்டார்.

"எம் மவன்தாங்க வச்சான், படங்கு கட்ட," என்றார் அந்த அம்மா.

கடைக் கூரைக்குப் போட்ட தார்ப்பாய்ப் படங்கின் கயிறு நம் வயரைச் சுற்றிக் கம்பத்தோடு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அவிழ்த்தோம், லைன் வந்தது. திரும்பும்போது போர்மன் என் மீட்டரைப் பார்த்து, "இதுக்கு வடை திங்கத் தெரியாதுல்ல?" என்று மட்டும் கேட்டார். நான் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன். அது பாடம் என்று விளங்குவதற்குள் அவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்.

இனித் தேருக்கு வருகிறேன்.

அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அந்தத் தோட்டத்துக்கு ஒரே பாதை. பாடசாலைக்குப் பக்கத்தில் அந்தப் பாதை ஒரு வளைவு வளைந்து இறங்கும். நம் ஒளிநார் வடம் அந்த வளைவைக் குறுக்கே தாண்டித்தான் பாடசாலைக்கும் ஆபீசுக்கும் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்கும் போகிறது. மேலே மொட்டைப் பாறையில் கைத்தொலைபேசி டவர் ஒன்று உண்டு. லயத்துப் பிள்ளைகள் என்னை வயர் மாமா என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படி ஒரு லயத்தில் பிறந்தவன்தான், அதனால் அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும்.

அந்தத் தோட்டத்தில் புவனா என்று ஒரு பெண். ஹட்டனில் கணினி டிப்ளோமா முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் இரண்டு வருடமாக அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். நம் நிறுவனத்தில் பயிற்சிப் பிரிவுக்குத் தமிழ் தெரிந்த உதவியாளர் தேவை என்ற அறிவித்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். விண்ணப்பித்தாள். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள், கொழும்புக்கு வரவேண்டாம், காணொளியில் பேசலாம் என்று. பகல் இரண்டரை மணிக்கு. அன்றைக்குத்தான் அந்தத் தோட்டத்து மாரியம்மன் தேர்.

அதற்கு முதல் வாரம் அவள் வீட்டில் ஒரு கதை நடந்திருந்தது. அவளுக்கு மாத்தளையில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். இந்த வேலை கிடைக்காவிட்டால் சம்மதம் சொல்லிவிட வேண்டும் என்று வீட்டில் பேச்சு. மாப்பிள்ளை கெட்டவர் இல்லையாம், ஆனால் இவளுக்கு இஷ்டமில்லை. இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னது, தேருக்கு முதல் நாள், பாடசாலைக்கு முன்னால் நின்றுகொண்டு.

"மாமா, ரெண்டரைக்கு லைன் போகாதுல்ல? அதை மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்குறேன்."

என் பையில் அந்தப் புத்தகம் இருந்தது. எடுத்தேன். கோடு போட்ட வரியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. அத்தோடு விடாமல் விளக்கமும் கொடுத்தேன்.

"தேருக்காக நாளைக்கு இந்த வயரைக் கழட்டணும்மா. இந்த வருசம் தேருக்கு மேல ஒரு தட்டு கூடக் கட்டியிருக்காங்க, வயரக் கவைக்கம்பால தூக்கிப் புடிச்சாலும் பத்தாது. ஆனா உனக்குப் பயமில்ல. வயர் போனா டவர் இருக்கு. போன்ல பேசு. இன்டர்நெட்டே அப்படித்தான் கண்டுபுடிச்சிருக்காங்க. ஒரு பாதை போனா இன்னொரு பாதை."

"நெசமாவா மாமா?"

"புத்தகத்துல போட்டிருக்கேம்மா!"

அவள் புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நம்பிவிட்டாள். அச்சில் வந்ததை வயர் மாமா சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

தேர் பதினொரு மணிக்கு வளைவைத் தாண்டும் என்று நோட்டீசில் போட்டிருந்தது. நீங்கள் சிரிப்பது தெரிகிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் தேர் நோட்டீசில் போட்ட நேரத்தை நம்பினேன் என்றால், அதற்கு ஒரு புத்தகமும் பொறுப்பில்லை, நானேதான். பத்தரைக்கே பெட்டியைத் திறந்து, இணைப்பைக் கழற்றி, வயரை அழகாகச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டேன். மின்சாரசபை ஆட்களும் வந்து அவர்களுடைய கம்பியை இறக்கிவிட்டுப் போனார்கள். பதினொன்றரை, பன்னிரண்டு, ஒரு மணி. கேட்கும்போதெல்லாம், "இந்தா வந்துருச்சு" என்றார்கள். ஒவ்வொரு லயத்துக்கும் முன்னால் தேர் நின்றது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அர்ச்சனைத் தட்டு வந்தது. அதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

அன்று எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் வரவில்லை. சாதாரண நாளில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து கூப்பிட்டுத் தொல்லை கொடுப்பார்கள். தெய்வம் கண் திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மோர்ப் பந்தலில் மூன்று தம்ளர் மோர் குடித்தேன். இந்த வேலையில் தொலைபேசி நிம்மதியாகக் கிடந்தால் பயப்பட வேண்டும். அதை எந்த அதிகாரியும் உங்களுக்குச் சொல்லித்தரமாட்டார்.

ஒன்றே முக்காலுக்குப் புவனா ஓடிவந்தாள். நேர்முகத் தேர்வுக்கென்று மாம்பழ நிறச் சேலை, கையில் சான்றிதழ்க் கோப்பு, மறு கையில் தொலைபேசி.

"மாமா, போன்ல ஒன்னும் இல்ல. டவரே செத்துக் கெடக்கு."

"இருக்காது," என்றேன். நம் தொழிலில் முதலில் வாயில் வருகிற சொல் அதுதான். என் தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை. அணைத்துப் போட்டேன். பாறையைப் பார்த்தேன். டவர் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது.

பக்கத்தில் தேர் பார்க்க வந்திருந்த முனியாண்டி நின்றார். மேலே டவருக்குக் காவல் அவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"டவர் வயரும் இந்தப் போஸ்ட்லதானுங்களே வருது. அந்தப் பெட்டியத் தொறந்தா அதுவும்தான் போகும்."

"யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? அன்னைக்கு அவுங்க வந்து மாட்டயில ஏணியப் புடிச்சவனே நாந்தானுங்க."

"அப்ப ஏன்யா நான் கழட்டயில சொல்லல?"

"நீங்க கேக்கலையே. பெரிய ஆபீசர், தெரிஞ்சுதான் கழட்டுறீங்கன்னு நெனச்சேன்."

டவருக்கு இணைப்புக் கொடுத்தது வேறொரு பிரிவு. அவர்கள் புதிதாக வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, நம் வடத்துக்குள்ளேயே சும்மா கிடந்த இழைகளை எடுத்திருக்கிறார்கள். வரைபடத்தில் யாரும் போடவில்லை. வரைபடத்தில் இரண்டு கோடு, மலையில் ஒரே வயர். அந்த ஒரே வயரும் என் காலடியில் அழகாகச் சுருண்டு கிடந்தது.

உடனே திருப்பி மாட்டினால் என்ன என்றுதான் நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் அதற்குள் தேர் வளைவுக்கு மேலே வந்துவிட்டது. மாட்டினால் தேர் தாண்டாது. தேர் தாண்டும் வரை காத்திருந்தால் மூன்று மணியாகிவிடும், புவனாவுக்கு வழியில்லை. ஆட்டோ பிடித்து வேறு ஊருக்குப் போகலாம் என்றால், இருக்கிற ஒரே பாதையை மறித்துக்கொண்டுதான் தேர் வருகிறது. மணி ஒன்று ஐம்பத்தைந்து.

ஓடிப்போய்க் கோயில் கமிட்டித் தலைவரைப் பிடித்தேன். வழுக்கி விழுந்தது அங்கேதான். எழுந்து, ஒரு மணி நேரம் தேரை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். ஏன் என்றும் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

"நம்ம புள்ளதானுங்க, நிப்பாட்டலாம்," என்றார். "மேல சமதரையில நிக்கயில சொல்லியிருந்தா நாள் முழுக்க நிப்பாட்டியிருப்பேன். இப்ப எறக்கத்துல விட்டாச்சு. சக்கரத்துக்குக் கட்டை போடுற பசங்களப் பாருங்க. மழ வேற தூறுது. நிக்கச் சொல்றீங்களா? நீங்க சொன்னா நிப்பாட்டுறேன்."

பார்த்தேன். ஈரப் பாதை. வடம் பிடித்த ஆண்களும் பெண்களும் முன்னால். பின்னால் கட்டை போடுகிறவர்கள் குனிந்தபடி, கை சக்கரத்துக்கு அரை அடியில். இந்த இறக்கத்தில் ஒரு மணி நேரம் அந்தப் பாரத்தைக் கட்டையில் நிறுத்தினால், கட்டை வழுக்கினால், என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நான் செய்த பிழையைச் சரிக்கட்ட அத்தனை பேருடைய காலைப் பணயம் வைக்க முடியாது. நம் வேலையில் எத்தனையோ தடவை அவசரத்தில் முடிவு எடுத்திருக்கிறேன். என்னை அறியாமல் சரியாக எடுத்தது அந்த ஒன்றுதான்.

"வேண்டாம், விடுங்க," என்றேன். சொன்னபிறகு, பின்னாலேயே ஓடிவந்திருந்த புவனாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மாத்தளை மாப்பிள்ளைக்கு நானே தாலி எடுத்துக் கொடுத்ததுபோல் இருந்தது.

புவனா அழுவாள் என்று நினைத்தேன். அவள் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டிருந்தாள்.

"மாமா, பத்தாம் நம்பர் மலைக்கு மேல பழைய மடுவம் இருக்குல்ல, அங்க தலவாக்கலைப் பக்கத்து டவர் புடிக்கும். கொழுந்து நிறுக்கப் போறப்ப நாங்க எல்லாம் அங்க நின்னுதான் போன் பாப்போம். எங்கள வேல வாங்குற கண்டாக்குக்குத் தெரியாது, சொல்லிறாதீங்க. குறுக்குல ஏறுனா இருவத்தஞ்சு நிமிசம்."

"எனக்கு எவ்வளவு நேரம்?"

"நீங்க வரணுமா?" என்று கேட்டாள். உண்மையாகவே கேட்டாள், கிண்டலாக இல்லை.

போனேன். போகாமல் இருந்தால் நான் மனுசனில்லை. அவள் செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே படி ஏறுவதுபோல் ஏறினாள். அவள் தினமும் கூடையோடு ஏறுகிற மலை. நான் கோப்பையும் குடையையும் தூக்கிக்கொண்டு, மூன்று தம்ளர் மோரையும் வயிற்றில் சுமந்துகொண்டு, பின்னால். ஓரிடத்தில் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் கால் போய்விட்டது. காலில் எத்தனை அட்டை ஏறிக் கடித்தது என்று எண்ணவில்லை. கீழே மேளமும் அரோகராவும் கேட்டன. மேலே மூடுபனி இறங்கிவந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் நின்று, "மெதுவா வாங்க மாமா, நேரமிருக்கு" என்றாள். நேரம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மடுவத்துக்குப் போனபோது இரண்டு முப்பத்திமூன்று. மடுவம் என்பது கொழுந்து நிறுக்கிற கொட்டில், கூரைத் தகரமும் நாலு தூணும்தான். மேற்கு மூலைத் தூணுக்குப் பக்கத்தில்தான் சிக்னல் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தூணில் முதுகைச் சாய்த்து நின்றாள். செருப்பைப் போட்டாள், சேலையை இறக்கிவிட்டாள், முகத்தைத் துடைத்தாள். இரண்டு கோடு வந்தது. அழைப்பு எடுத்தது. நான் குடையை விரித்துத் தூறல் படாமல் தொலைபேசிக்குப் பின்னால் பிடித்தேன்.

அந்த நேரம் பார்த்து என் தொலைபேசிக்கும் உயிர் வந்தது. டிங், டிங், டிங் என்று நிற்காமல் அடித்தது. காலையிலிருந்து கொழும்பிலிருந்து வந்து சேராத செய்திகள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. டவர் போய்விட்டது, எங்கே இருக்கிறீர்கள், ஏன் எடுக்கவில்லை, எங்கே இருக்கிறீர்கள். சத்தத்தை அடக்கிவிட்டுப் புவனாவின் திரையை எட்டிப் பார்த்தேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கொழும்பில் எனக்கு மேலதிகாரியான மேடம், அந்தச் செய்திகளை எல்லாம் அனுப்பியவர்.

மேடம் முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார். "காலையில இருந்து உங்க தோட்டத்துப் பக்கம் டவர் இல்லைன்னு எங்களுக்கு அலாரம் வந்துட்டே இருக்கு. நீங்க எப்படிப் பேசுறீங்க?"

நான் மனதுக்குள் வேண்டினேன். மின்சாரம் போய்விட்டது என்று சொல்லிவிடு தாயே என்று. புவனா அப்படிச் சொல்லவில்லை.

"வயரும் டவரும் ரெண்டு பாதைன்னு நெனச்சிருந்தோம் மேடம். ரெண்டும் ஒரே போஸ்ட்ல, ஒரே வயர்ல வருது. தேர் போறதுக்காக அதைக் கழட்டுனாங்க, ரெண்டும் போச்சு. இப்ப நான் மலைக்கு மேல, வேற டவர்ல பேசுறேன்."

"ஒரே வயர்லயா? எங்க டிராயிங்ல அப்படி இல்லையே. உங்களுக்கு யாரு சொன்னது?"

"டவர் வாச்சர் மேடம். அவருதான் ஏணி புடிச்சவரு."

மேடம் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு, "கழட்டினது யாரு?" என்றார்.

புவனா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். திரும்பி, "தேருக்காக ஊரே சேர்ந்துதான் மேடம் கழட்டுனது," என்றாள்.

என்னைக் காப்பாற்றுகிறாள். வேலை கேட்டு நிற்கிற இடத்தில், தன் வாயால் ஒரு பூசி மெழுகின பதிலைச் சொல்லி, என்னைக் காப்பாற்றுகிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. குடையைப் பிடித்தபடியே அவளுக்குப் பக்கத்தில் போய்த் திரைக்குள் முகத்தை நீட்டினேன்.

"நான்தான் மேடம் கழட்டினேன்."

"ஓ! நீங்களா? காலையில இருந்து போன் எடுக்க மாட்டீங்களா?"

"டவர் இல்ல மேடம்."

"ஏன் இல்ல?"

"நான் கழட்டிட்டேன் மேடம்."

பக்கத்தில் இருந்த இருவரும் குனிந்துகொண்டார்கள். தோள் குலுங்கியது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "உங்களோட நான் அப்புறம் பேசுறேன். இப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இது அவங்களோட இன்டர்வியூ," என்றார்.

தள்ளி நின்றேன். குடை மட்டும் உள்ளே, நான் வெளியே தூறலில். முக்கால் மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குப் பாதிதான் கேட்டது. இணையம் எப்படி வேலை செய்கிறது என்று லயத்திலிருக்கிற ஒரு அம்மாவுக்கு விளக்குவதென்றால் எப்படி விளக்குவீர்கள் என்று ஒருவர் கேட்டார். அவள் தொலைபேசியைத் திருப்பி, மடுவத்தையும் மூடுபனியையும் கீழே எறும்பு அளவில் தெரிந்த தேரையும் காட்டி, அந்த வளைவிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். எந்தப் புத்தகமும் அவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

கீழே இறங்கிவந்தபோது தேர் வளைவைத் தாண்டியிருந்தது. முனியாண்டி ஏணியோடு காத்து நின்றார். இந்தத் தடவை கேட்டேன். அந்தப் பெட்டியில் வேறு என்னென்ன மாட்டியிருக்கிறது, யார் மாட்டினார்கள், எப்போது மாட்டினார்கள் என்று. அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அந்தப் புத்தகத்தில் நம் தோட்டத்தைப் பற்றி இருக்கிற ஒரே பக்கம் அதுதான்.

விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. நியாயமான கடிதம்தான். புவனாவுக்கும் ஒரு கடிதம் வந்தது. அவள் அம்மா அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டியபோது, அந்த அம்மாவுக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன். தேருக்கு முன்னால் அழுதேன் என்று பழைய ஆட்கள் சொல்வதும் இதைத்தான் குழப்பிக்கொண்டு. மாத்தளை மாப்பிள்ளை வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு நன்றாக இருக்கிறார், கவலைப்பட வேண்டாம். அடுத்த வருடம் அந்தப் பாறை டவருக்கு மலைக்கு மேலாக, பழைய மடுவத்தைத் தாண்டி, உண்மையான இரண்டாவது பாதை போட்டார்கள். வழி காட்டியது புவனா. அவளுக்கு அந்த மலையில் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடக்க வரும்.

உங்களில் பலருக்குப் பயிற்சிப் பிரிவில் அந்தப் புவனாவைத் தெரியும். வரைபடத்தைக் கொண்டுபோனால், "இந்த வயரப் போட்டப்ப ஏணி புடிச்சது யாரு?" என்று கேட்பாள், பெயர் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடமாட்டாள் என்று நீங்கள் முணுமுணுப்பதும் எனக்குத் தெரியும். அந்த முணுமுணுப்புக்கு மூலகாரணம் நான்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் கையில் வைத்திருக்கிற பயிற்சிக் கையேட்டை அவள்தான் தயாரித்தாள். பழைய ஆள் என்ற முறையில் இணையத்தின் பாதைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதித்தரும்படி என்னைக் கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீங்கள் கொடுத்த மூன்று புத்தகங்களையும் மேசையில் விரித்துவைத்துக்கொண்டு, மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். கடைசியில், பக்கத்தை முடிக்க ஒரு நல்ல வரி வேண்டியிருந்தது. கை தானாக எழுதியது: ஒரு பாதை அறுந்தால், செய்தி தானாகவே வேறு பாதையைத் தேடிக்கொள்ளும்.

தாள் திரும்பி வந்தது. மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டிருந்தாள். "தானாகவே" என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் பென்சிலால் ஒரு கோடு. ஓரத்தில் அவள் கையெழுத்தில் ஒரு வரி.

"மாமா, அன்னைக்கு மலையேறுனது யாரு?"